ஷோரூமில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

கார் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. காலையில் பட்டனை அமுக்கினால் செல்ஃப் எடுக்காது. டேஷ்போர்டில் விளக்குகள் மினுக்கும், பானெட்டுக்குள் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து அதே பட்டனை அமுக்கினால் எதுவுமே நடக்காததுபோல் இன்ஜின் ஓடும். சில நாள் ஒழுங்காக இருக்கும். அப்புறம் ஒரு மதியம் சங்கரநாராயண சுவாமி கோவில் பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அதே கதை. சங்கரன்கோவிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அங்கே எத்தனை தடவை போட்டாலும் அத்தனை தடவையும் ஸ்டார்ட் ஆகும். "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு" என்று சர்வீஸ் அட்வைசர் சாவியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்.

அடியோடு நின்றுபோன காரைவிட இப்படி நினைத்தபோது மக்கர் பண்ணும் கார்தான் உரிமையாளரை அதிகம் அலைய வைக்கிறது. நின்றுபோன காரில் கோளாறு கண்ணெதிரே இருக்கிறது. மெக்கானிக் மறுக்க முடியாது. வந்து வந்து போகும் கோளாறு பட்டறை வாசலை மிதித்ததும் ஒளிந்துகொள்கிறது. மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியாததற்கும், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் உரிமையாளரால் நிரூபிக்க முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றுதான்: கோளாறு நடந்த அந்த நிமிடத்துக்குச் சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை உருவாக்குவது உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது. அதற்கு முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பட்டனை அமுக்கியதும் எந்தச் சத்தமும் வரவில்லையா, 'டிக் டிக்' என்று மட்டும் வருகிறதா, அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க மறுக்கிறதா? இந்த மூன்றும் வேறு வேறு வியாதிகள். "ஸ்டார்ட் ஆகல" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், பட்டறையில் ஊகத்தின் பேரில் பேட்டரியை மாற்றுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

எந்தச் சத்தமும் இல்லையென்றால் முதலில் சாவியைச் சந்தேகிக்கலாம். பட்டன் ஸ்டார்ட் கார்களின் சாவிக்குள் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பல மாடல்களில் அது சிஆர் 2032. அது தளர்ந்துவிட்டால் கார் சாவியை அடையாளம் காணாது. திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் இன்ஜினுக்கு அனுமதி கொடுக்காது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குவது இதன் அடையாளம். பெரும்பாலான கார்களில் சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கினால் வண்டி எடுக்கும். இந்த வசதி உரிமையாளர் கையேட்டில் அச்சிடப்பட்டிருந்தும், தெரியாமல் ரெக்கவரி வண்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பெடலில் உள்ள சின்ன ஸ்விட்ச், கிளட்ச் பெடலில் உள்ள ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி'யில் இருப்பதைச் சொல்லும் ஸ்விட்ச் ஆகியவற்றில் ஒன்று கோளாறானாலும் இதே மௌனம்தான். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொன்னால் பிரேக் ஸ்விட்ச் பற்றிய சந்தேகம் தீர்ந்துவிடும்.

'டிக் டிக்' வந்தால் பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று விசாரணை போக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இங்கே பெரிய உதவி. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எதையும் போடுவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அதை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் சுற்றும்போது அளவு 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி நன்றாக இருந்தும் 'டிக் டிக்' தொடர்கிறதா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. பச்சை பூத்த ஒரு போல்ட்டும் தளர்ந்த ஒரு கிளாம்பும்கூட பல லட்ச ரூபாய்க் காரை நிறுத்திவைக்கப் போதும்.

சங்கரன்கோவில் போன்ற ஊரில் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். பேட்டரிக்குள் நடக்கும் ரசாயனத் தேய்மானம் சூட்டில் வேகமெடுக்கும். இரண்டாவது, குறைந்த தூர ஓட்டம். வீட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு, அங்கிருந்து பூ மார்க்கெட்டுக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட, மறுபடி வீட்டுக்கு என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும் கார், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவே நேரம் கிடைக்காமல் நிற்கிறது. ஏசி, ஹெட்லைட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் மோசம். வாரம் ஒருமுறை ராஜபாளையமோ குற்றாலமோ போய் வந்தால் பிரச்சினை தெரிவதில்லை. உள்ளூரிலேயே சுற்றும் வாரத்தில் மக்கர் பண்ணுகிறது. இந்த ஒழுங்கைக் கவனித்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

சிக்னலில் தானாக அணைந்து மீண்டும் எழும் வசதியுள்ள கார்களுக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரிதான் பொருந்தும். விலை குறைவென்று சாதா பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

மூன்றாவது எதிரியை உரிமையாளரே காசு கொடுத்துப் பொருத்திக்கொள்கிறார். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், கூடுதல் விளக்கு, பெரிய ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வண்டி பூட்டியிருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சக்கூடியவை. காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, எல்லாக் கருவிகளும் உறங்கிய பிறகு, பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அது 300 ஆக இருந்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தே நாளில் வற்றிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்களை முதலில் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். எலியையும் மறக்கக் கூடாது. வயரின் மேலுறையை அது கடித்து வைத்தால், வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். எலிக்கடி வாரண்டியில் வராது. காப்பீட்டு பாலிசியில் அதற்கு இடமிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். சூடான இன்ஜின் எடுக்க மறுத்து, ஆறியதும் எடுக்கிறது என்றால் கிராங்க்ஷாஃப்ட் சென்சாரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சூட்டில் மட்டும் வேலைநிறுத்தம் செய்வது அதன் வழக்கமான கோளாறு. இன்னொன்று ஃபியூயல் பம்ப். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இக்னிஷனைப் போட்டவுடன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் வரும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. வண்டி எடுக்காத நேரத்தில் அந்த ரீங்காரமும் இல்லையென்றால் பம்ப்போ அதன் ரிலேவோ ஃபியூஸோதான் காரணமாக இருக்கும்.

இந்த ஃபியூயல் பம்ப் விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2020 ஜூன் மாதம் ஹோண்டா கார்ஸ் இந்தியா நிறுவனம், 2018இல் தயாரான 65,651 கார்களைத் திரும்ப அழைத்தது. அமேஸ், சிட்டி, ஜாஸ், டபிள்யூஆர்-வி என்று பல மாடல்கள் அதில் இருந்தன. பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் குறைபாடுள்ளதாக இருக்கலாம், அதனால் நாளடைவில் இன்ஜின் நின்றுபோகவோ ஸ்டார்ட் ஆகாமல் போகவோ கூடும் என்பதுதான் நிறுவனமே சொன்ன காரணம். 2021 ஏப்ரலில் மேலும் 77,954 கார்கள். 2024 அக்டோபரில், பழைய மாடல்களில் 90,468 கார்கள். உலகம் முழுக்க டென்சோ நிறுவனத்தின் பம்ப்புகள் பல கம்பெனிகளின் கார்களிலிருந்து கழற்றப்பட்ட காலம் அது. அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட இம்பெல்லர், எரிபொருளை உறிஞ்சி உருமாறி, பம்ப்பின் உட்சுவரில் உரசிச் சிக்கிக்கொண்டது.

மாருதி சுசுகியும் 2020 ஜூலையில் வேகன்ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களை ஃபியூயல் பம்ப் சோதனைக்காக அழைத்தது. 2024 மார்ச்சில் அதே இரண்டு மாடல்களில் 16,041 கார்கள் மறுபடி அழைக்கப்பட்டன. அவை 2019 ஜூலை இறுதிக்கும் நவம்பர் முதல் தேதிக்கும் இடையில் தயாரானவை. பம்ப் மோட்டாரின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம், இன்ஜின் நிற்கவோ ஸ்டார்ட் ஆகச் சிரமப்படவோ வாய்ப்புண்டு என்றது அறிவிப்பு.

இந்தத் தேதிகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். 2019இல் தயாரான கார் 2024இல்தான் அழைக்கப்படுகிறது. நடுவில் நான்கு ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டியவர் "எப்போதாவது எடுக்க மாட்டேங்குது" என்று சொன்னால் நம்பாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உரிமையாளர் சொல்வது கற்பனை அல்ல, தயாரிப்பிலேயே இருக்கும் குறையாக இருக்கலாம் என்பதற்கு லட்சக்கணக்கான கார்களின் வரலாறே சான்று. இப்படி அழைக்கப்பட்டு மாற்றப்படும் பாகத்துக்குப் பணம் கிடையாது. வாரண்டி முடிந்துவிட்டதா என்ற கேள்வியும் எழாது.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தரைக்கு அடியில் பெரிய பேட்டரி இருந்தாலும், கதவு, திரை, கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகியவற்றை எழுப்ப 12 வோல்ட் பேட்டரி ஒன்று பொதுவாகத் தனியே இருக்கிறது. அது படுத்துவிட்டால் தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருக்கும் காரும் எழுந்திருக்காது. 2024இல் ஹூண்டாய் இந்தியா 1,744 ஐயோனிக் 5 கார்களையும், கியா இந்தியா 1,138 இவி6 கார்களையும் அழைத்தது இதனால்தான். அந்தச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருந்தது.

ஸ்டார்ட் ஆகாத கார் வீட்டு வாசலில் நின்றால் எரிச்சல். நடுவழியில் நின்றால் ஆபத்து. ஃபியூயல் பம்ப் கோளாறு ஓடும்போதும் இன்ஜினை அணைக்கக்கூடியது. அப்போது ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டி, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் வைத்து, காரிலிருந்து இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். புளியங்குடி, வாசுதேவநல்லூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 போன்ற சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டால் காரைப் பற்றி யோசிக்காமல் எல்லோரும் முதலில் இறங்கி விலக வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மேனுவல் காரிலும் திரும்பத் திரும்பத் தள்ளினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஜம்ப் கேபிள் போடும்போது சிவப்பு பாசிட்டிவில் இருந்து பாசிட்டிவுக்கு. கறுப்பின் கடைசி முனை படுத்துப்போன பேட்டரியில் அல்ல, அந்தக் காரின் இன்ஜின் உலோகத்தில். ஒரு நிமிட அவசரத்தில் முனை மாறினால் கட்டுப்பாட்டுக் கணினி கருகிவிடும். அந்தச் செலவை வாரண்டி ஏற்காது.

இனி சாட்சி. வண்டி எடுக்காத அந்த நேரத்திலேயே கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுக்க வேண்டும். ஓடோமீட்டர், டேஷ்போர்டில் எரியும் விளக்குகள், பெட்ரோல் அளவு, பட்டனை அமுக்கும் விரல், அப்போது வரும் சத்தம் எல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். "இன்ஜின் சூடாக இருக்கிறது, அரை மணி நேரம் முன்னால்தான் நிறுத்தினேன், முதல் சாவி" என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்யலாம். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த தேதி முதலான விவரங்கள் தொலைந்துபோகும். மூலக் கோப்பைக் கைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பின்னால் வழக்கு வந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். ரோட்சைடு அசிஸ்டென்ஸை அழைத்தால் வரும் குறுஞ்செய்தியும் நல்ல ஆவணம். தேதி, நேரம், இடம் மூன்றும் கம்பெனியின் பதிவேட்டிலேயே ஏறிவிடுகின்றன.

உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களில் கைதேர்ந்தவர்கள் பலர் உண்டு. பேட்டரியையும் எர்த்தையும் அளந்து பார்க்க அவர்களை நம்பலாம். ஆனால் வாரண்டி உள்ள காரில் வயரை வெட்டி ஒட்ட விடக் கூடாது. கோளாறுக் குறியீடுகளை அழிக்கவும் விடக் கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி முனையில் ஸ்கேனரைச் செருகினால், எந்தச் சென்சார் முறையிட்டது, அப்போது இன்ஜின் வெப்பம் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு என்று கார் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு கிடைக்கும். ஸ்கேனரில் அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தக் குறிப்பு போய்விடலாம். முதலில் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

அடுத்து ஜாப் கார்டு. வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் தட்டச்சு செய்யும் அந்த ஒரு தாள்தான் பிற்பாடு வழக்கின் முதுகெலும்பு. "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. "சூடான இன்ஜின் சில நேரங்களில் ஸ்டார்ட் ஆவதில்லை, செல்ஃப் சுற்றுகிறது, பிடிப்பதில்லை, கடந்த மாதம் நான்கு தடவை, வீடியோ காட்டப்பட்டது" என்று உரிமையாளரின் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் அதிகமென்று சொல்லி ஜாப் கார்டே போடாமல் "சும்மா பாத்துத் தர்றோம் சார்" என்றால், அந்த வருகை நடக்காத வருகையாகிவிடும். வீட்டுக்கு வந்தவுடன் அதே விவரத்தை டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது.

பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு. ஸ்கேன் அறிக்கை, பேட்டரி டெஸ்டர் தரும் துண்டுச்சீட்டு, பூட்டிய நிலையில் மின்கசிவு எவ்வளவு என்ற அளவு. கோளாறு காலையில் மட்டும் வருகிறது என்றால் வண்டியை இரவு அங்கேயே நிறுத்தி, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை அவர்களே செய்து பார்க்கச் சொல்லலாம். பாகம் மாற்றினால் எது மாற்றப்பட்டது என்று பில்லில் வர வேண்டும். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றால் "சோதித்தோம், குறை தென்படவில்லை" என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஒரே புகாருக்கு அப்படி மூன்று தாள்கள் சேர்ந்தால், கோளாறை அவர்களால் தீர்க்க முடியவில்லை என்பதற்கு அவையே ஆதாரம். வாரண்டி முடிவதற்குள் புகார் பதிவாகியிருப்பது முக்கியம்; முடிந்த பிறகு கோளாறு பெரிதானாலும், தொடங்கியது எப்போது என்பதை அந்தத் தாள் சொல்லும். பேட்டரிக்கும் டயருக்கும் பொதுவாக அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டிதான். அந்த அட்டையைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் தீரவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாதபோது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம். கட்டணம் மிகக் குறைவு: 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கார் மதுரையிலோ சென்னையிலோ வாங்கப்பட்டிருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்கைப் போட இந்தச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. பில்லின் அடியில் 'சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. "அடுத்த சர்வீஸ்ல பாத்துரலாம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கெடுவைக் கரைத்துவிடுகிறார்கள்.

தறி முதலாளிகளும் பூ வியாபாரிகளும் நிறைந்த ஊரில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: தொழிலுக்காக வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் உதவுமா? வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே பயன்படுத்த மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. சொந்தமாக டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் வழக்குப் போடலாம். ஐந்து கார் வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்குக் கதவு திறப்பது கடினம்.

என்ன கிடைக்கும் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். குறையைச் சரிசெய்வது, காரை மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது, இழப்பீடு என எல்லாவற்றுக்கும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில், கிளட்ச் குறைக்காகக் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதைத்தான் என்று கூறி, பாகத்தை மாற்றவும் அலைச்சலுக்கு இழப்பீடு தரவும் சொன்னது. நான்கு ஆண்டு கழித்து, சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் நிலை வேறு. சுதந்திரமான தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் காரைப் பரிசோதிக்கட்டும். தயாரிப்பிலேயே குறை என்று அவர் சொன்னால் காரின் விலை, ஆயுள்கால வரி, கட்டிய தவணை எல்லாவற்றையும் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் பிரிப்பது வல்லுநரின் அறிக்கை. ஆகவே மனுவிலேயே, சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி காரை நிபுணர் சோதனைக்கு அனுப்பக் கேட்க வேண்டும். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே இழுக்கும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

எல்லா வழக்கிலும் உரிமையாளரே பொறியியல் ரீதியாகக் குறையை நிரூபிக்க வேண்டுமா? 2022 ஏப்ரலில் ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுதலான பதில் சொன்னது. 2017இல் விபத்துக்குள்ளான கிரெட்டா காரில் ஏர்பேக் விரியவில்லை. மோதிய விசை போதவில்லை என்பது கம்பெனியின் வாதம். வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் வல்லுநர் அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஏர்பேக் விரியாதது எல்லோரும் பார்த்த உண்மை. ஸ்டார்ட் ஆகாத கார் விஷயத்தில் அப்படிப் பார்த்த சாட்சி கிடைப்பதில்லை. மேலே சொன்ன வீடியோவும் ஜாப் கார்டும் அந்த இடத்தை நிரப்பத்தான்.

வழக்கில் டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேர்க்க வேண்டும். டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளரைத் தானாகவே பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பம்ப் குறையானால் தயாரிப்பாளர். ஜாப் கார்டை மறுத்ததும் தவறான பாகத்தை மாற்றிப் பணம் வாங்கியதும் டீலர். யார் மேல் எது என்று மனுவில் பிரித்து எழுத வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, வழிகாட்ட ஆள் தேவையென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம்.

தனி ஆளின் புகார் பொதுப் புகாராகவும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, பயணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால் கார்களைத் திரும்ப அழைக்கத் தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசின் வாகன் தளத்தில் உரிமையாளர்கள் குறையைப் பதியலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். திருநெல்வேலியில் ஒருவர், ஈரோட்டில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் அதே குறை அங்கேதான் ஒன்றாகச் சேர்ந்து எண்ணிக்கையாகிறது.

பழைய கார் வாங்குபவர்கள் இதில் தனிக் கவனம் காட்ட வேண்டும். திரும்ப அழைக்கும் கடிதமும் அழைப்பும் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்கும் எண்ணுக்குமே போகின்றன. கார் கைமாறிய பிறகு, பம்ப் மாற்றப்படாமலே அது சங்கரன்கோவில் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் பதினேழு எழுத்து சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள ரீகால் பக்கத்தில் தட்டினால், அந்தக் கார் பட்டியலில் இருக்கிறதா என்று உடனே தெரியும். இருந்தால், வாரண்டி காலம் எப்போது முடிந்திருந்தாலும், அருகிலுள்ள எந்த அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் காசில்லாமல் மாற்றித் தரச் சொல்லலாம். மாற்றியதற்கான ஜாப் கார்டை அங்கேயும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.